போத்தல் நீரும் பொதுக் கிணறும்

நீரைச் சோதித்துப் பார்த்துக் குடிப்பது மனிதனுக்குப் புதிய வழக்கமன்று. நன்னீர், உவர்நீர், சவர்நீர், கலங்கல், தெளிவு என்று நம் மொழியில் வழங்கும் சொற்களே அதற்குச் சான்று. கண்ணாலும் நாவாலும் மூக்காலும் பலகாலம் ஆராய்ந்தறிந்த ஒரு சமுதாயமே நீருக்கு இத்தனை பெயர்களை இட்டு வழங்க முடியும். கலங்கிய நீரைத் தெளியவைக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் இழைக்கும் வழக்கம் கலித்தொகைக் காலத்திலேயே உவமையாகக் கையாளப்படும் அளவுக்கு ஊரறிந்த செய்தியாயிருந்தது. இச்சோதனைகள் குறைபாடுடையவை, நோய்க்கிருமியை அவற்றால் காண இயலாது. ஆயினும் அவற்றுக்கு ஒரு பெருஞ்சிறப்பு இருந்தது. அவை எல்லோர்க்கும் பொதுவானவை. கிணற்றடியில் குடத்தோடு நிற்கும் பெண்ணே அங்கு ஆய்வாளர். அவளது நாவே கருவி. அவள் கூறும் முடிவே ஊரின் முடிவு.

இருபதாம் நூற்றாண்டு இந்நிலையை மாற்றிவிட்டது. நிறமற்ற, மணமற்ற, சுவையற்ற தீங்குகள் நீரில் உண்டென்பதை விஞ்ஞானம் கண்டறிந்தது. கதிரியக்கம் அத்தகையது. புளோரைட்டும், நைத்திரேற்றும், ஆர்சனிக்கும், ஈயமும் அத்தகையவை. இவற்றை அறியக் கருவி வேண்டும். கருவியை இயக்கக் கல்வி வேண்டும். இரண்டுக்கும் பணம் வேண்டும். ஆகவே நீரைப் பற்றிய அறிவு கிணற்றடியை விட்டு ஆய்வுகூடத்துக்குக் குடிபெயர்ந்தது. இப்பெயர்ச்சி விஞ்ஞானத்தின் வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆனால் அது ஒரு சமுதாய மாற்றமுமாகும். கருவி யார் கையில் இருக்கிறது? சோதனையின் முடிவை யார் படிக்கிறார்கள்? அம்முடிவு எவர் நலனுக்குப் பயன்படுகிறது? இக்கேள்விகளைத் திருகோணமலையிலிருந்து நோக்குவது பொருத்தமுடைத்து. ஏனெனில் கதிரியக்க நீரின் வரலாற்றில் நம் தீவின் கல்லுக்கும் மணலுக்கும் எதிர்பாராத ஓர் இடம் உண்டு.

திருகோணமலையைத் துறைமுகமாகவே உலகம் அறியும். ஆழ்ந்த அந்த இயற்கைத் துறையின் பொருட்டே போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இங்கு பொருதினர். ஆங்கிலேயக் கடற்படை 1957இல் விடைபெற்றபோது, சீனன்குடாவில் வரிசை வரிசையாக நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளை விட்டுச் சென்றது. துறையின் ஆழத்தை அளந்தவர் பலர். துறையைச் சூழ்ந்து வாழும் மக்களின் கிணற்றை அளந்தவர் சிலரே. இம்மாவட்டத்தின் நீர் பலவகைப்பட்டது. நகரின் குழாய்நீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது. குளக்கோட்டன் கட்டியதென்று நம்மவர் வழிவழியாகக் கூறிவரும் குளம் அது. நிலாவெளி, குச்சவெளி போன்ற கரையோரங்களில் மணலுக்குள் தேங்கும் மாரிநீரே கிணற்றுநீர். அது கடல்நீரின்மேல் வில்லை போல மிதந்துகொண்டிருப்பது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் நிற்கும் என்பது நிலநீர் நூலார் கண்ட விதி. மேலே ஓரடியை இறைத்துவிட்டால் கீழே நாற்பதடியை இழக்கிறோம் என்பது அதன் மறுபக்கம். உள்நாட்டிலோ பாறைப் பிளவுகளில் நிற்கும் வன்னீர். கன்னியாவில் இராவணன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கினான் என்று கதை வழங்கும் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. எரிமலையில்லாத இத்தீவில், நிலத்தின் ஆழத்துக்குச் சென்று சூடேறி வெடிப்புகளின் வழியே மேலெழும் நீரே அவ்வாறு சுடுகிறது.

நகருக்கு வடக்கே கடற்கரை வழியே சென்றால் புல்மோட்டை. அங்கு கரையில் கிடப்பது வெண்மணலன்று, கருமணல். இல்மனைற், உரூத்தைல், சிர்க்கன் ஆகிய கனிமங்கள் நிறைந்த அம்மணலை எடுப்பதற்காக 1957இல் அரசாங்கம் ஒரு கூட்டுத்தாபனத்தை நிறுவியது. அக்கனிமங்களோடு சிறிய அளவில் கலந்து கிடப்பது மொனசைற். மொனசைற்றில் தோரியம் உண்டு. தோரியம் கதிரியக்கம் உடையது. அதன் அணுக்களிற் பாதி அழிவதற்கு 1,400 கோடி ஆண்டுகள் செல்லும். மலைநாட்டுப் பாறைகள் யுகயுகமாகக் கரைந்து, ஆறுகள் கொண்டுவந்து சேர்த்து, அலைகள் கொழித்துப் பிரித்து வைத்த செல்வம் அம்மணல். திருவிதாங்கூர்க் கரையிலும் மணவாளக்குறிச்சியிலும் கிடக்கும் மணலுக்கு அது உறவு.

இத்தீவின் தோரியத்தை உலகறியச் செய்த வரலாற்றில் முதலிற் கூறவேண்டிய பெயர் ஆனந்த குமாரசுவாமி. கலைத் தத்துவ ஞானியாகவே அவரை நாம் போற்றுகிறோம். சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தரான அவர் கற்ற கல்வி நிலவியல் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள ஆய்வின் பணிப்பாளராக அவர் நாடெங்கும் நடந்து திரிந்தார். 1904இல் சப்பிரகமுவாவில் மாணிக்கக் கற்களைக் கொழிக்கும் சரளைகளிடையே கிடைத்த கரிய, கனத்த சிறு சதுரக் கற்களை அவர் முதலில் யூரேனியக் கனிமமென எண்ணினார். இலண்டனில் இம்பீரியல் நிறுவனத்தின் பணிப்பாளராயிருந்த டன்ஸ்டன் அவற்றை ஆராய்ந்து, பெரும்பகுதியும் தோரிய ஒட்சைட்டாலான புதிய கனிமம் என்று காட்டினார். ‘தோரியனைற்’ என்ற பெயர் அதற்கு இடப்பட்டது. குடியேற்ற நாட்டின் மண்ணில் கூலித் தொழிலாளியின் அரிப்பில் விழுந்த கல் ஏகாதிபத்தியத் தலைநகரில் பெயர்பெற்றது. அக்கால ஒழுங்கு அதுவாகவே இருந்தது.

அக்கல்லின் பயணம் அத்துடன் முடியவில்லை. அதே ஆண்டின் இறுதியில் ஒட்டோ ஹான் என்னும் இளம் ஜேர்மானிய வேதியியலர் இலண்டனில் வில்லியம் றாம்சேயின் ஆய்வுகூடத்துக்கு வந்து சேர்ந்தார். இலங்கைத் தோரியனைற்றிலிருந்து எடுத்த உப்பு ஒன்றை அவரிடம் கொடுத்து, அதிலுள்ள றேடியத்தைப் பிரிக்கும்படி றாம்சே பணித்தார். ஹான் றேடியத்தைத் தேடிச் சென்று, 1905இல் வேறொரு கதிரியக்கப் பொருளைக் கண்டார். அது ‘றேடியோதோரியம்’ எனப் பெயர் பெற்றது. அத்துறையிலேயே தொடர்ந்து உழைத்து 1907இல் பேர்லினில் ‘மெசோதோரியம்’ என்பதைக் கண்டுபிடித்தார். இன்று நாம் றேடியம்-228 என்று கூறுவது இதனையே. பின்னாளில், 1938இன் இறுதியில், யூரேனிய அணு பிளவுறுவதைக் கண்டவரும் இதே ஹான்தான். அவருடைய கதிரியக்க ஆராய்ச்சியின் முதற்படியில் இருந்தது சப்பிரகமுவாவின் கல்.

மெசோதோரியம் நெடுங்காலம் ஆய்வுகூடத்துக்குள்ளேயே அடங்கிக் கிடக்கவில்லை. அக்காலத்தில் காஸ் விளக்கின் ‘மென்டில்’ செய்யத் தோரியம் பெருமளவில் வேண்டியிருந்தது. நம் மீனவர் இரவு மீன்பிடிக்குக் கொண்டுசென்ற பெற்றோமக்ஸ் விளக்கிலும், திருவிழாவிலும் கலியாணப் பந்தலிலும் ஒளிர்ந்த விளக்கிலும் இருந்த வெள்ளை வலையில் பளிச்சிட்டது அதே தோரியம்தான். மொனசைற் மணலிலிருந்து தோரியத்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் கழிவில் மெசோதோரியம் கிடைத்தது. கழிவிலிருந்து பணம் பண்ண வழி கண்டால் முதலாளித்துவம் அதனை விட்டுவிடுமா? றேடியத்தைவிட மலிவான கதிரியக்கப் பொருளாக அது சந்தைக்கு வந்தது.

அந்தச் சந்தை ஏற்கெனவே ஆயத்தமாயிருந்தது. 1903இல் ஜே. ஜே. தொம்சன் கிணற்றுநீரில் கதிரியக்க வாயு ஒன்று கரைந்திருப்பதை அறிவித்தார். நாம் இன்று றேடன் என்பது அதுவே. உடனே ஐரோப்பாவின் பேர்பெற்ற நீரூற்றுகளையெல்லாம் சோதித்தார்கள். பலவற்றில் அவ்வாயு காணப்பட்டது. ஊற்றுநீரின் நோய் தீர்க்கும் இரகசியம் இதுவே என்று முடிவு கட்டினார்கள். றேடன் நான்கு நாட்களுக்குள் பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே போத்தலில் அடைத்த ஊற்றுநீர் ‘உயிர்’ இழந்துவிடுகிறது என்று வணிகர் கூறினர். அதற்குப் பரிகாரமாக, யூரேனியக் கனிமம் பூசிய சாடிகளை அமெரிக்காவில் 1912 முதல் வீடுவீடாக விற்றனர். இரவில் நீரை ஊற்றிவை; காலையில் கதிரியக்க நீரைக் குடி என்பது விளம்பரம். 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு அப்பழைய சாடிகளைத் திரும்பச் சோதித்து ஓர் உண்மையை வெளிப்படுத்தியது. அந்நீரில் கதிரியக்கத்தைவிட, சாடியிலிருந்து கரைந்த ஆர்சனிக், ஈயம் முதலிய நச்சு மூலகங்களே பெரிய அபாயமாயிருந்தன. ஒரு தீங்கை மட்டும் தேடுபவன் கண்ணுக்கு மறு தீங்கு புலப்படாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

இவ்வணிகத்தின் உச்சி ‘றேடித்தோர்’ என்னும் போத்தல் நீர். 1920களின் நடுப்பகுதியில் நியூ ஜேர்சி மாநிலத்தில் வில்லியம் பெய்லி என்பவர் இதனைத் தயாரித்தார். காய்ச்சி வடித்த நீரில் றேடியமும் மெசோதோரியமும் சேர்த்த சிறு போத்தல் ஒன்றின் விலை ஒரு டொலர். ‘சான்றளிக்கப்பட்ட கதிரியக்க நீர்’ என்று போத்தலின்மேல் அச்சிட்டிருந்தது. அச்சான்று பொய்யன்று என்பதே அதன் கொடுமை! போத்தலில் கூறியபடியே கதிரியக்கம் உள்ளே இருந்தது. ஈபன் பையர்ஸ் என்ற செல்வர் 1927 முதல் ஏறத்தாழ 1,400 போத்தல்களைக் குடித்தார். தாடையெலும்பு உதிர்ந்து 1932 மார்ச் 31ஆம் நாள் இறந்தார். போத்தலின் மேலுள்ள சான்று எதைச் சான்றளிக்கிறது என்று கேட்காமல், சான்று இருக்கிறது என்பதோடு நிறைவடையும் மனப்பான்மைக்கு அவர் உயிர் விலையாயிற்று.

பையர்ஸ் பணக்காரர், அவர் மரணம் பத்திரிகைகளில் பெரிதாக வந்தது, சட்டங்களை இறுக்கும்படி குரல் எழுந்தது. அவருக்கு முன்னரே அதே மாநிலத்தில் ஓறஞ்ச் நகரத் தொழிற்சாலையில் ஏழைப் பெண்கள் மடிந்துகொண்டிருந்தனர். இருளில் ஒளிரும் கடிகார முகப்புகளில் றேடியம் கலந்த வண்ணத்தைத் தீட்டுவது அவர்கள் தொழில். தூரிகையின் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும்படி அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. நாளெல்லாம் நஞ்சை விழுங்கினார்கள். கல்சியத்தைப் போன்ற இயல்புடைய றேடியம் அவர்களது எலும்பில் போய்க் குடிகொண்டது. 1925இல் மருத்துவர் ஹரிசன் மார்ட்லண்ட் இதனை நிறுவினார். 1927இல் ஐந்து பெண்கள் வழக்காடினர். 1928இல் உடன்பாடு ஏற்பட்டது. அப்பெண்களின் உடல்களை அளந்து பெற்ற அறிவைக் கொண்டே, ஒரு மனித உடல் தாங்கக்கூடிய றேடியத்தின் அளவு 1941இல் முதன்முறையாக வரையறுக்கப்பட்டது. கதிரியக்கப் பாதுகாப்பு அட்டவணைகளில் காணும் எண்கள் வெறும் கணக்கால் பிறந்தவை அல்ல. அவற்றின் அடியில் தொழிலாளப் பெண்களின் எலும்புகள் கிடக்கின்றன. அந்த எண்களைப் பொதுமக்கள் அறிய வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. தமது வர்க்கம் விலை கொடுத்துப் பெற்ற அறிவைத் திரும்பக் கேட்பதாகும்.

அந்த எண்கள் யாவை? ஒரு வினாடியில் ஓர் அணு சிதைந்தால் அதனை ஒரு பெக்கரல் என்பர். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய வழிகாட்டலின்படி, ஒரு லீற்றர் குடிநீரில் மொத்த அல்பாக் கதிர்வீச்சு 0.5 பெக்கரலுக்கும் மொத்த பீற்றாக் கதிர்வீச்சு 1 பெக்கரலுக்கும் உட்பட்டிருந்தால் மேற்கொண்டு ஆராயத் தேவையில்லை. மீறினால் எந்தப் பொருள் அதற்குக் காரணம் என்று தனித்தனியே தேட வேண்டும். றேடியம்-226க்கு 1 பெக்கரல். ஹான் கண்டுபிடித்த றேடியம்-228க்கோ 0.1 பெக்கரல். ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு லீற்றர் வீதம் ஓராண்டு குடித்தால் உடலுக்குச் சேரும் கதிர்வீச்சு 0.1 மில்லிசீவேட்டைத் தாண்டலாகாது என்பதே இக்கணக்கின் அடிப்படை. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் மனிதன் இயற்கையாகப் பெறும் கதிர்வீச்சு உலகச் சராசரியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.4 மில்லிசீவேட்டு. ஆகவே எல்லை மீறிய நீரைக் குடித்தவர் மறுநாளே மாண்டுவிடுவார் என்பதில்லை. நெடுங்காலம் குடிப்போருக்கு இடப்பட்ட எச்சரிக்கைக் கோடு அது.

சோதிக்கும் முறையும் மந்திரமன்று. நீரை எடுத்தவுடன் சிறிது நைத்திரிக் அமிலம் சேர்ப்பார்கள். இல்லையேல் கரைந்துள்ள உலோகம் போத்தலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பின்னர் மெல்ல வற்றச்செய்து, எஞ்சிய உப்பை ஒரு சிறு உலோகத் தட்டில் பரப்பி, எண்ணு கருவியினுள் மணிக்கணக்காக வைத்து, எத்தனை கதிர்கள் எழுகின்றன என்று எண்ணுவார்கள். நீரில் இயற்கையாயுள்ள பொற்றாசியம் தரும் பங்கைக் கழிப்பார்கள். றேடனைச் சோதிப்பதாயின் காற்றுக் குமிழி புகாமல் போத்தலை நிறைத்து உடனே அனுப்ப வேண்டும். இவ்வளவே. பத்தாம் வகுப்பு மாணவனுக்கு விளக்கக்கூடிய செய்தி. ஆனால் கருவி விலையுயர்ந்தது. பொறுமையும் பயிற்சியும் வேண்டும். 1969ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த அணுசக்தி அதிகாரசபையும், 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தால் அதன் இடத்தில் வந்த இலங்கை அணுசக்திச் சபையும் இத்தகைய பணிகளுக்கென்றே மக்கள் பணத்தில் நிறுவப்பட்டவை.

இனி நம்மவர் கேட்கும் கேள்விக்கு வருவோம். கருமணல் கிடக்கும் கரையில் கிணற்றுநீர் நஞ்சா? மணல் கதிரியக்கம் உடையது என்பதால் நீரும் அவ்வாறே இருக்கும் என்று முடிவு கட்டுவது தவறு. மொனசைற் எளிதில் கரையாத கனிமம். தோரியமும் நீரில் கரைய மறுப்பது. அதேவேளை தோரியத்தின் வழித்தோன்றலான றேடியம் அவ்வளவு பிடிவாதமுடையதன்று. ஒட்சிசன் குறைந்த நீரிலும் உப்பு மிகுந்த நீரிலும் அது கரைந்து நிற்கக்கூடும். றேடியம்-228 வெளிவிடுவது மெலிந்த பீற்றாக் கதிர். மொத்த அல்பாச் சோதனை அதனைக் காட்டிக்கொடுக்காது. அதன் எல்லையான 0.1 பெக்கரல், மொத்த பீற்றாவுக்குரிய 1 பெக்கரலினுள்ளே மறைந்துவிடும். எனவே தோரிய மணற்பரப்பில் நீரைச் சோதிப்போர் றேடியம்-228ஐப் பெயர் சொல்லித் தேட வேண்டும். பீதியும் வேண்டாம், உறக்கமும் வேண்டாம். வதந்தியைப் பரப்புபவன் சொல்வதும் ஆதாரமற்றது. ‘ஒன்றுமில்லை, போங்கள்’ என்று தாளைக் காட்டாமற் கூறும் அதிகாரி சொல்வதும் ஆதாரமற்றதே. அளந்து காட்டுவதொன்றே விடை.

கதிரியக்கத்தின் பெயர் அச்சமூட்டுவது. ஆதலின் அது நம் கவனத்தை முழுவதும் கவர்ந்துகொள்கிறது. நாள்தோறும் ஆளைத் தின்பவை பெரும்பாலும் சாதாரண இரசாயனங்களே. இம்மாவட்டத்தின் பதவி சிறிபுரவில் வயலில் உழைக்கும் விவசாயிகள், அயலிலுள்ள வடமத்திய மாகாணத்து விவசாயிகளைப் போலவே, காரணம் தெளிவாகாத சிறுநீரக நோயால் 1990கள் முதல் வாடிவருகின்றனர். புளோரைட்டும் வன்மையும் மிகுந்த கிணற்றுநீர், விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீரிழந்து உழைக்கும் உழைப்பு என்று பலவற்றை ஆய்வாளர் சுட்டுகின்றனர். ஒருமித்த முடிவு ஏற்படவில்லை. கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று நாம் பாடசாலையில் கற்பிக்கிறோம். கிருமிக்கு அது சரி. கொதிக்கவைத்தால் றேடனும் வெளியேறிவிடும். ஆனால் புளோரைட்டும் நைத்திரேற்றும் றேடியமும் வெளியேறா. நீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடும். யூரேனியத்தை எடுத்துக்கொண்டால், குடிநீரில் அதன் கதிரியக்கத்துக்கு அஞ்சுவதற்கு முன்பே சிறுநீரகத்தைத் தாக்கும் இரசாயன நஞ்சாக அஞ்சவேண்டியிருக்கிறது. அதனாலேயே லீற்றருக்கு 30 மைக்கிரோகிராம் என்ற எல்லை இரசாயனக் கணக்கில் இடப்பட்டுள்ளது. ஆகவே கதிரியக்கச் சோதனை வேறு, இரசாயனச் சோதனை வேறு என்று பிரித்து நிறுத்துவது நீரைக் குடிப்பவனுக்குப் பொருந்தாது. அவன் குடிப்பது ஒரே நீர்.

இந்நிலையிலே போத்தல் நீர் நம் வாழ்வில் நுழைந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் ஏறி வந்து கரையோரக் கிணறுகளை உப்பாக்கியது. ஆர்வத்தால் அக்கிணறுகளை மீண்டும் மீண்டும் இறைத்தபோது, கீழிருந்த கடல்நீர் மேலெழுந்து சில இடங்களில் நிலை மேலும் கெட்டது. நிவாரணத்தோடு போத்தல்களும் பவுசர்களும் வந்தன. உயிர் காத்த உதவி அது, மறுப்பதற்கில்லை. 2006இல் மாவிலாற்று மதகு மூடப்பட்டதைத் தொடர்ந்து இம்மண்ணில் மீண்டும் போர் மூண்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் மூதூரில், பட்டினிக்கு எதிரான பிரெஞ்சு நிறுவனமொன்றில் பணியாற்றிய 17 உள்ளூர்ப் பணியாளர் கொல்லப்பட்டனர். கடற்கோளால் பாதிக்கப்பட்ட மக்களுக்காக உழைத்தவர்கள் அவர்கள். நீருக்காகப் போரும், நிவாரணப் பணியாளருக்குச் சாவும் கண்ட மாவட்டத்தில், பூட்டிய போத்தல் பாதுகாப்பின் சின்னமாகத் தோன்றியதில் வியப்பில்லை. நெருக்கடி தணிந்தபின்னும் போத்தல் போகவில்லை. நிவாரணமாக வந்தது பண்டமாக நிலைத்தது.

போத்தல் நீர் கிணற்று நீரைவிடத் தூயதா? பலவேளை ஆம். எப்பொழுதுமா? வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1990இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஓர் உள்ளூராட்சி ஆய்வுகூடத்தினர், தூய நீரென்று நம்பித் தம் சோதனைகளுக்குப் பயன்படுத்திய பெரியே போத்தல் நீரிலேயே பென்சீன் கலந்திருக்கக் கண்டனர். வடிகட்டிகளை உரிய காலத்தில் மாற்றாமையே காரணம். உலகெங்குமிருந்து 16 கோடி போத்தல்கள் மீளப் பெறப்பட்டன. 2003இல் டில்லியிலுள்ள விஞ்ஞான சுற்றுச்சூழல் மையம் டில்லி, மும்பாய் நகரங்களில் விற்ற போத்தல் நீரைச் சோதித்துப் பூச்சிகொல்லிகளை வெளிப்படுத்தியது. அதன் பின்னரே இந்திய அரசு எல்லைகளை இறுக்கியது. பிளாஸ்டிக் போத்தலிலிருந்து அந்திமனி என்ற மூலகம் நீருக்குள் சிறிது சிறிதாக இறங்கும். சாதாரணமாக அது எல்லைக்குள்ளேயே நிற்கும். வெப்பம் ஏற ஏற வேகம் கூடும். துறைமுகத்து வெயிலில் திறந்த லொறியில் நாட்கணக்கில் கிடக்கும் போத்தலுக்கு இது பொருந்தும். இவ்விரு நிகழ்ச்சிகளிலும் ஒரு பொதுத்தன்மையைக் காண்க. குறையைக் கண்டது விற்றவரல்லர். வெளியேயிருந்து சோதித்த பொது அமைப்பு.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின் கீழ் 2005இல் போத்தல் நீருக்கெனத் தனி ஒழுங்குவிதிகள் வந்தன. இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் தரக்கட்டளைகளும் உள. பதிவிலக்கமும் தர முத்திரையும் போத்தலில் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குவது அறிவுடைமை. ஆயினும் முத்திரை என்பது ஒரு முடிவின் சுருக்கமே. எந்நாளில், எந்த ஊற்றில், எதைச் சோதித்தார்கள், எவ்வளவு கண்டார்கள் என்பவற்றை அது கூறாது. இதனினும் ஆழமான இடர் ஒன்றுண்டு. வசதியுள்ளவர் போத்தலுக்கு மாறிவிட்டால் கிணற்றைப் பற்றிப் பேச ஊரில் ஆளில்லாமற் போகிறது. ஆசிரியரும் எழுதுவினைஞரும் வணிகரும் கடையில் நீர் வாங்க, மீனவனும் கூலியாளும் தோட்டக்காரனும் கிணற்றில் அள்ளுகின்றனர். கேள்வி கேட்கும் திறமுள்ளவருக்குத் தேவை இல்லை. தேவையுள்ளவருக்குக் கேட்கும் வாய்ப்பு இல்லை. நீர் இரு வகுப்பாகப் பிரிந்துவிடுகிறது.

போத்தலே பகையென்று இதற்குப் பொருளன்று. 2011 மார்ச்சில் புக்குசிமா விபத்தின் பின் டோக்கியோவின் குழாய்நீரில் லீற்றருக்கு 210 பெக்கரல் அயடீன்-131 காணப்பட்டது. குழந்தைகளுக்குரிய எல்லை 100. நகர ஆட்சி அந்த எண்ணை அன்றே அறிவித்தது; கைக்குழந்தையுள்ள குடும்பங்களுக்கு 2,40,000 போத்தல்களை விலையின்றி வழங்கியது. அங்கு போத்தல் பொதுப்பணியாயிற்று. காரணம், சோதனை பொதுவாயிருந்தது.

சோதனை பொதுவாகும்போது என்ன நிகழும் என்பதற்கு நம்மவரிடையேயும் உதாரணம் உண்டு. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக மக்கள் முறையிட்டனர். இங்கு மூக்கும் நாவுமே முதலில் சோதித்தன. பின்னர் ஆய்வுகூடங்கள் வந்தன, அறிக்கைகள் ஒன்றோடொன்று முரண்பட்டன, வாதங்கள் நடந்தன. 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை ஏற்று, கிணறுகள் கெட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபாய் வழங்கும்படி மின்னுற்பத்தி நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. தீர்ப்பு முழு நிறைவு தந்ததா என்பது வேறு. கிணற்றுநீர் பற்றிய ஆய்வுத்தாள் நீதிமன்றத்தில் சாட்சியாக நிற்க முடியும் என்பது அங்கு நிலைநாட்டப்பட்டது.

ஆகவே நாம் கேட்கவேண்டியவை தெளிவானவை. மாவட்டத்தின் ஒவ்வொரு பிரதேசத்திலும் குறிப்பிட்ட சில கிணறுகள், குழாய்க் கிணறுகள், விற்பனையாகும் போத்தல்கள் ஆகியவற்றிலிருந்து மாரிக்கு முன்னும் பின்னும் நீர் எடுத்துச் சோதிக்க வேண்டும். புளோரைட்டு, நைத்திரேற்று, உப்பு, பார உலோகங்கள், எண்ணெய் ஆகியவற்றோடு புல்மோட்டை, குச்சவெளிப் பகுதிகளில் றேடியம்-226, 228 ஆகியனவும் பட்டியலில் இடம்பெற வேண்டும். முடிவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிப் பிரதேச சபையிலும் பாடசாலையிலும் பள்ளிவாசல், கோயில் முன்றில்களிலும் ஒட்ட வேண்டும். எண்ணோடு அதன் எல்லையும் அருகே எழுதப்பட வேண்டும். கெட்டதெனக் கண்ட கிணற்றுக்கு மாற்று நீர் வரும்வரை விலையில்லா நீர் வழங்க வேண்டும். ஏற்கெனவே எடுத்த சோதனைகளின் முடிவைக் கேட்டுப் பெற 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் வழிசெய்கிறது. ஒரு மாதர் சங்கமோ மீனவர் சங்கமோ ஒரு விண்ணப்பத்தால் இதனைத் தொடங்கலாம்.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதிற் பங்குண்டு. அமிலமானியும் உப்புமானியும் இன்று பாடசாலை வாங்கக்கூடிய விலைக்கு வந்துவிட்டன. ஊரின் பத்துக் கிணறுகளை மாதந்தோறும் அளந்து குறிப்பேட்டில் எழுதிவரும் மாணவர் கூட்டம், ஐந்தாண்டில் எந்த அலுவலகத்திலும் இல்லாத ஓர் ஊர் வரலாற்றைப் படைத்துவிடும். கதிரியக்கத்தை அக்கருவி காட்டாது; ஆனால் மாற்றம் எங்கு நிகழ்கிறது, எந்தக் கிணற்றின் நீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும் என்பதைக் காட்டும். எண்ணைக் கண்டு அஞ்சாத, முத்திரையைக் கண்டு மயங்காத ஒரு தலைமுறை அவ்வாறு உருவாகும். நம் தீவின் கல்லைக் கொண்டு உலகம் கதிரியக்கத்தைக் கற்றது; அதன் கேட்டை அயல்நாட்டுத் தொழிலாளப் பெண்களின் உடலிலிருந்து கற்றது. அந்த அறிவு குச்சவெளிக் கிணற்றடிக்கும் கின்னியாத் துறைக்கும் வந்து சேரவேண்டும். அது தானாக வாராது. சங்கம் கூடி, விண்ணப்பம் எழுதி, விடை வரும்வரை விடாது கேட்கும் மக்களிடமே அது வந்துசேரும்.